அளவு எடுத்த துப்பாக்கி

போன மாதம் ஒரு கழுத்துச் சங்கிலியைக் காப்பாற்றிக் கொடுத்தேன். திருடனிடமிருந்து என்று நினைப்பீர்கள். கிடையாது, ஒரு துப்பாக்கியிடமிருந்து!

பதறாதீர்கள், சகோதரிகளே. சுட்டுக்கொண்டவர் யாருமில்லை, சுடப்பட்டவரும் யாருமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பாகூரில் என் சித்தி பெண் இருக்கிறாள். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போய் மேற்கே திரும்பினால் ஏரியும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். அவளுடைய மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என்.ஸி.ஸி.யில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கை நடுங்காமல் சுடுகிறாள் என்று பார்த்தவர்கள் சொல்ல, ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய், பத்து மீட்டர் தூரத்தில் காற்றுத் துப்பாக்கி சுட்டுவிட்டு வருகிறாள்.

நான் போயிருந்த அன்று வீட்டில் ஒரே ரகசியமாக இருந்தது. அடுப்படியில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் என் தங்கை சொன்னாள்:

"அக்கா, சங்கிலிய வெச்சுடலாம்னு இருக்கேன். அவருக்குத் தெரியாது. பொண்ணுக்கு ஒரு துப்பாக்கி வந்திருக்கு. ஒன்றரை லட்சம் சொல்றாங்க."

"கூடத்திலே துப்பாக்கி இருக்கிறதே, அது போதாதா?"

"அது சாதாரணமாம் அக்கா. கம்பெனியிலேருந்து வந்தபடியே இருக்கு. இது ஸ்பெஷலாம். அதே கம்பெனிதான், ஆனா கட்டையெல்லாம் மாத்தி, தனியா சொல்லிச் செஞ்சது. இதுல சுட்டா பத்துக்குப் பத்து விழுமாம்."

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் "ஸ்பெஷல்" என்ற வார்த்தையைப் பற்றி நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாகக் கடைவீதிக்குப் போய் வருகிறவள் அல்லவா? "அவசரப்படாதே. நாளைக்கு நானும் உன் பெண்ணோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன்.

மறுநாள் போனேன். மேஜையின் மேல் இரண்டு துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, எளிமையாக, கல்யாணத்துக்கு முந்தின பெண் மாதிரி அடக்கமாக இருந்தது. மற்றொன்று சர்வாலங்கார பூஷிதை! கன்னம் வைக்கும் இடத்தில் தனியாக ஒரு மேடு. தோளில் பதியும் இடத்தில் வளைந்த அலுமினியத் தகடு. கை பிடிக்கும் இடத்தில் மரத்தைச் செதுக்கி, விரல் விரலாகப் பள்ளம். பார்த்தவுடனே யாருக்கும் எதன் மேல் ஆசை வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி கொடுக்கிறவர் நல்ல மனிதர். கொண்டுவந்தவருக்கும் நமக்கும் நடுவில் நின்று, "அம்மா, முதலில் எது ஒன்று, எது வேறு என்று பார்த்துவிடலாம்" என்றார்.

இரண்டு துப்பாக்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் இடுக்கியில் அசையாமல் இறுக்கினார். மனிதர் தோளும் இல்லை, கையும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டார். குறி அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரண்டு அட்டையிலும் ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரே துளையில் போயிருந்தன. எது சாதாரணம், எது ஸ்பெஷல் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல பிரம்மதேவனாலும் முடியாது!

"குழல் ஒன்றேதான், காற்றுச் சிலிண்டர் ஒன்றேதான், விசை ஒன்றேதான். மாறியிருப்பது கட்டை மட்டும். துப்பாக்கி நேராகத்தான் சுடும். கோணல் எல்லாம் நம்மிடம்" என்றார்.

அப்படியானால் கட்டையை மாற்றுவது வெறும் ஜம்பமா என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்று அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள்.

பத்து மீட்டர் போட்டியில் நடுவில் இருக்கும் பத்தாம் எண் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறியது! சுடும் ஈயக் குண்டு 4.5 மில்லிமீட்டர். தூரத்தை அருகில் காட்டும் டெலஸ்கோப் வைக்க அனுமதியில்லை. துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சிறு துவாரம், முன்பக்கம் ஒரு வளையம். இரண்டையும் கண்ணால் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேர்க்கை ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் பிசகு பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பத்து வாங்க வேண்டிய குண்டு ஐந்தோ ஆறோ வாங்கும்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் கன்னம் அதே இடத்தில் உட்கார வேண்டும். தோள் அதே இடத்தில் பதிய வேண்டும். கழுத்தை நீட்டவும் கூடாது, ஒடுக்கவும் கூடாது. ஒரு போட்டியில் அறுபது குண்டு. எலெக்ட்ரானிக் குறியில் அதற்குக் கொடுக்கும் நேரம் ஒன்றேகால் மணி. துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அதைத் தூக்கி அறுபது தடவை ஒரே மாதிரி நிற்பதென்றால், உடம்புக்கு ஏற்ற கட்டை இல்லாமல் நடக்காது. அதற்காகத்தான் கட்டையை நீட்டுவதும் குறைப்பதும், கன்னத்து மேட்டை உயர்த்துவதும் தாழ்த்துவதும்.

"சரி, அப்படியானால் ஸ்பெஷலே மேல் அல்லவா?" என்றாள் நம் பெண். குரலில் ஆசை தெரிந்தது.

"சுட்டுப் பார்த்துவிடேன்" என்றார் அவர்.

முதலில் சாதாரணத் துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டாள். எல்லாம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் விழுந்தன. அடுத்து ஸ்பெஷல். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, அட்டையைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை நீளம், அதற்காக முதுகைப் பின்னால் வளைத்தாள். கன்னத்து மேடு உயரம். அதற்காகத் தலையைத் தூக்கினாள். விரல் பள்ளங்களில் அவள் விரல்கள் சேராமல் தவித்தன. மூன்றாவது குண்டிலேயே நெற்றியில் வியர்வை. அட்டை வந்தது. எலுமிச்சம்பழ அகலத்துக்கு இறைந்து கிடந்தது.

பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. மூலையில் நின்றிருந்த ஓர் உயரமான பையனைக் கூப்பிட்டு, அதே ஸ்பெஷலை அவன் கையில் கொடுத்தார். அவன் பத்தும் சுட்டான். சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தால் துளைகள் அத்தனையும் மறைந்திருக்கும்!

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இந்தத் துப்பாக்கியில் குற்றம் ஏதுமில்லை. அருமையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆறடி உயரப் பையன் ஒருவனுக்கு அளவெடுத்துச் செய்தது. அவன் அளவு அச்சாக அதில் பதிந்திருக்கிறது. நம் பெண் ஐந்தடி ஓரங்குலம்!

நம்மில் யாருக்கு இது தெரியாது? நல்ல தையற்காரர் உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை உங்களுக்குப் பிரமாதமாக இருக்கும். அதையே உங்கள் நாத்தனார் போட்டுக்கொண்டால்? கடையில் விற்கிற ஆயத்த ரவிக்கையாவது எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தும். இரண்டு தையல் பிரித்து நமக்கு ஆக்கிக்கொள்ளலாம். அடுத்தவருக்கென்று இழுத்துப் பிடித்துத் தைத்ததை என்ன செய்வது? கம்பெனிச் சரக்குக்கும் சொல்லிச் செய்த சரக்குக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். சொல்லிச் செய்ததில் உயர்ந்தது என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்குச் சொன்னது என்பதே கேள்வி.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த தத்துவமும் இல்லை. பழைய 303 என்ஃபீல்டு துப்பாக்கியை நம் நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அதன் பின்கட்டை ஒரே நீளத்தில் வந்துவிடவில்லை. நெட்டை, நடுத்தரம், குட்டை, அதற்கும் குட்டை என்று அரை அரை அங்குல வித்தியாசத்தில் அளவுகள் உண்டு. சிப்பாயின் கை நீளத்துக்குத் தகுந்த கட்டையை மாட்டிக் கொடுப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் இதைச் செய்தார்கள். என் தங்கை வீட்டுக் கூடத்தில் மாமனாரின் தகப்பனார் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பக்கத்து வழக்கப்படி 'சொல்தா' தாத்தா. சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர். அந்த இந்தோசீனப் பட்டாளத்துக்கென்றே பிரெஞ்சு அரசாங்கம் 1902-ல் பெர்த்தியே என்ற துப்பாக்கியை நீளம் குறைத்துச் செய்தது. அங்கேயுள்ள சிப்பாய்கள் உருவத்தில் சிறியவர்கள் என்பதுதான் காரணம். பிறகு 1907-ல் ஆப்பிரிக்காவின் செனகல் பட்டாளத்துக்கு அதையே நீளமாக்கியது. ஆளுக்குத் தகுந்த ஆயுதம் என்று சர்க்காருக்கே தெரிந்திருக்கும்போது, குடும்பஸ்திரீகளுக்குத் தெரியாமல் போகலாமா?

பொருந்தின துப்பாக்கியை எப்படித் தாங்குகிறார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொண்டு, அந்தக் கையின் மேல் துப்பாக்கியை உட்கார வைக்கிறார்கள். பாரத்தைத் தசை சுமக்கக் கூடாது, எலும்பு சுமக்க வேண்டும். தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. இடுப்பில் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்று முக்கால் மணி பேசத் தெரிந்த நமக்கு இதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமா?

1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே நடந்தது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் என்ற அம்மாள், தம் நாட்டு வீரர் லானி பஸ்ஸமுக்குச் சமமாகப் புள்ளி எடுத்தார். சமநிலையைத் தீர்க்கும் விதியின்படி தங்கம் அவருக்கும் வெள்ளி இந்த அம்மாளுக்கும் போயிற்று. பரிசு மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது பஸ்ஸம் அந்த அம்மாளைக் கைகொடுத்துத் தம் படிக்கே ஏற்றிக்கொண்டார். ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் பெண்மணி அவர்தான். காற்றுத் துப்பாக்கியில் பெண்களுக்கென்று தனிப் போட்டி 1984-ல்தான் வந்தது.

நம் பெண்ணின் படிப்பறைச் சுவரில் ஒட்டியிருப்பது இளவேனில் வாலறிவன் படம். பாகூருக்குப் பக்கத்து ஊரான கடலூரில் 1999-ல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்தவர். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வாங்கினார். டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் நின்றார். பாரிஸில் அவர் எடுத்தது 630.7. அறுபது குண்டுக்குப் பங்கிட்டால், குண்டுக்குச் சராசரி பத்தரைக்கு மேல்! அப்படியும் பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த உயரத்தில் மயிரிழைக்கு மதிப்பு உண்டு. உடம்பை அங்கம் அங்கமாக அளந்து செய்த துப்பாக்கிக்கும் மதிப்பு உண்டு. எட்டும் ஒன்பதும் வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த மயிரிழை எங்கே உதவப்போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008-ல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்திரா நம் நாட்டுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தாரே, அன்று இறுதிச் சுற்றுக்கு முன்னால் அவர் சுட்ட முதல் ஒத்திகைக் குண்டு நாலாம் எண்ணில் போய் விழுந்ததாம். குறி பார்க்கும் கருவி எப்படியோ பிசகிப் போயிருந்தது. பதறாமல் அதைத் திருகித் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 அடித்தார். துப்பாக்கி எத்தனை ஸ்பெஷலானாலும், அது மக்கர் பண்ணுகிறபோது என்ன செய்வது என்று கைக்குத் தெரிய வேண்டும். அந்த ஞானத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

சரி, சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன்.

பயிற்சியாளர் கூடத்துத் துப்பாக்கியை எடுத்தார். தோளில் பதியும் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு சில்லுகள் இருந்தன. திருகாணியைக் கழற்றி அவற்றை எடுத்துவிட்டார். கட்டை குட்டையாயிற்று. கன்னம் வைக்கும் இடத்தில் கம்பளித் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து ஒட்டினார். பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். துவாரமும் வளையமும் தானாக நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று கேட்டார். இல்லை என்றாள். கம்பளியில் ஒரு மடிப்பு குறைந்தது. மறுபடி கேட்டார். "இருக்குங்க சார்!" என்றாள்.

பத்துக் குண்டு சுட்டாள். காசு அகலத்திலிருந்து கொஞ்சம் சிறுத்திருந்தது. அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் முதுகு வளையவில்லை, நெற்றியில் வியர்வையும் இல்லை. செலவு? ஒரு கம்பளித் துண்டு.

வீட்டுக்கு வருகிற வழியில் வில்லியனூரில் இறங்கினோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான தச்சர் ஒருவர் இருக்கிறார். பெண்ணின் அளவுக்கு, அதே எடையில், வெறும் மரத்தால் ஒரு துப்பாக்கி உருவம் செய்து தரச் சொன்னோம். சுடாது, வெறுமே பிடித்து நிற்பதற்கு. சுடாமல் நின்று பழகுவது பயிற்சியில் பெரிய பங்கு என்று அந்தப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தச்சர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "ஜன்னலுக்கு அளந்திருக்கேன், கட்டிலுக்கு அளந்திருக்கேன். பொண்ணு முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் அளக்கிறது இதுதாம்மா முதல் தடவை" என்று சிரித்தார். எடைக்காக உள்ளே ஓர் இரும்புத் துண்டு வைத்து, ஒரு வாரத்தில் கொடுத்துவிட்டார். கூலி சில நூறு ரூபாய்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். அதனால் மூன்று வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

அடுத்தவருக்கு மாற்றியமைத்த துப்பாக்கி மலிவாக வந்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் அவர் உயரத்தைக் கேளுங்கள்.

வளரும் வயதில் அளவெடுத்துச் செய்யாதீர்கள். தீபாவளிக்குத் தைத்த பாவாடை பொங்கலுக்குக் குட்டையாகிவிடுகிற வயதில், கட்டையை மட்டும் நிரந்தரமாகச் செதுக்கிவிட்டால் என்ன பிரயோஜனம்? சில்லு சேர்த்துக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற கம்பெனிக் கட்டையே அப்போது உத்தமம்.

மூன்றாவது முக்கியம். கட்டையை மாற்றுவது வேறு, குழலிலும் விசையிலும் கைவைப்பது வேறு. துப்பாக்கிக் குழலை உரிமம் இல்லாமல் குறுக்குவது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். போட்டியிலும் சுடுவதற்கு முன்னால் எடை போட்டு அளந்து பார்க்கிறார்கள்; விதியை மீறின மாற்றம் இருந்தால் நுழைய விடமாட்டார்கள். "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் கைவேலைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள். வாங்குவதற்கு முன்னால் காவல் நிலையத்தில் விதியைக் கேட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாகூருக்குப் போயிருந்தேன். சாயங்காலம். திண்ணையில் நம் பெண் மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள். எதிர்ச் சுவரில் ஒரு கரிப் புள்ளி. பக்கத்தில் அவள் பாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிமிஷம் எண்ணுகிறாள்.

"எவ்வளவு நாழியா நிக்கறா?" என்று கேட்டேன்.

"பேசாதே! மூச்சு விடறது தப்பிப் போயிடும்" என்று பாட்டி என்னை அதட்டினாள்.

உள்ளே என் தங்கை காபி கலந்துகொண்டிருந்தாள். கழுத்தில் சங்கிலி இருந்தது. "என்னிக்காவது இவ நெஜமாவே பெரிய போட்டிக்குப் போனா, அப்ப வெப்பேன் அக்கா" என்றாள்.

"அப்போது நானும் என் வளையலைத் தருகிறேன்" என்றேன். வாய் தவறிச் சொன்னதல்ல. திண்ணையில் நிற்கிற பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அளவு நாடா முதலில் போகும். வளையல் பின்னால் போகும்.